இரண்டு அலுமினியத் தட்டையடிப் படகுகளில் எதை எடுப்பது?

சின்ன அலுமினியப் படகு வாங்கக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று 12 அடியில், இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய லேசான படகு. மற்றது 14 அடியில், அகலமான, கனமான, விலையும் கூடிய படகு. ஜாடை ஒன்றுதான்: தட்டையான அடி, நிமிர்ந்த பக்கச்சுவர், கூர்மை இல்லாமல் சதுரமாக முடியும் முன்பக்கம், குறுக்கே இரண்டு மூன்று இருக்கைகள். ஜான் போட் என்று சொல்லப்படும் வகை இது. விற்பவர் நீளத்தைச் சொல்வார், மோட்டாரின் பெருமையைச் சொல்வார், புதுப் பெயிண்டைக் காட்டுவார். நீங்கள் அடியின் அகலத்தைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1. எண்ணைப் படித்துப் பழகுங்கள்

1236, 1436, 1448 என்று இந்தப் படகுகளுக்கு நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் நீளம், அடிக்கணக்கில். அடுத்த இரண்டும் தட்டையான அடிப்பாகத்தின் அகலம், அங்குலக்கணக்கில். 1436 என்றால் 14 அடி நீளம், 36 அங்குல அடிப்பாகம். பக்கச்சுவர் வெளிப்புறமாகச் சாய்ந்து போவதால் மேல்விளிம்பின் அகலம் இதைவிட ஓர் அடியோ அதற்கும் மேலோ கூடுதலாக இருக்கும். விளம்பரத்தில் சிலர் அந்த மேல் அகலத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். படகின் நடுவில், தண்ணீரில் படியும் தட்டைப் பகுதியை மட்டும் அளந்து பாருங்கள். முன்பக்கம் நோக்கி அடி குறுகிக்கொண்டே போகும் படகுகளும் உண்டு. அவற்றில் முன் இருக்கையில் உட்காருகிறவருக்கு ஆட்டம் கூடுதலாகத் தெரியும்.

2. அகலம் என்ன செய்கிறது?

படகு பக்கவாட்டில் சாயாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, நீளத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. அகலத்தோடு அப்படி இல்லை. அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1236இலிருந்து 1436க்குப் போனால் இரண்டு அடி நீளம் கூடுகிறது, சாயாத்தன்மை சுமார் 17 சதவீதம் கூடுகிறது. அதே 14 அடியில் 36 அங்குல அடியிலிருந்து 48 அங்குலத்துக்குப் போனால்? மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் கூடியது, சாயாத்தன்மையோ ஏறக்குறைய 2.4 மடங்காகிவிடுகிறது. ஆள் உட்காரும் உயரம், சாமான் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். போக்கு மாறாது.

36 அங்குலப் படகில் ஒருவர் எழுந்து நின்று தூண்டில் வீசினால் மற்றவர் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வார். 48 அங்குலத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து மீனை வலையில் அள்ளலாம், பயமில்லை. நின்று மீன் பிடிப்பது, வலை வீசுவது, நாயைக் கூட்டிப்போவது, சிறுவர்களை ஏற்றுவது இவற்றில் ஒன்றாவது உங்கள் திட்டத்தில் இருந்தால் 36 அங்குலத்தை மறந்துவிடலாம். எப்போதும் உட்கார்ந்தே, தனியாக, அமைதியான குட்டையில் என்றால் 36 தாராளமாகப் போதும். 32 அங்குலத்தை ஒருவருக்கான படகு என்றே வைத்துக்கொள்ளுங்கள், படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் எத்தனை பேர் என்று போட்டிருந்தாலும் சரி.

3. சுமையைக் கூட்டிப் பாருங்கள்

“அகலமான படகு கனம். ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டும்” என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியா என்று பேப்பரில் எழுதிப் பார்த்துவிடலாம்.

அடிப்பாகம் 12 அடி நீளம், 3 அடி அகலம் என்றால் பரப்பு 36 சதுர அடி. படகு ஓர் அங்குலம் தாழ்ந்தால் 3 கன அடி நீரை ஒதுக்கும். அதன் எடை சுமார் 85 கிலோ. அதாவது ஒவ்வொரு 85 கிலோவுக்கும் படகு ஓர் அங்குலம் தாழும். 1448க்கு இதே கணக்கு 56 சதுர அடி, சுமார் 132 கிலோ. முன்பக்கம் மேல்நோக்கி எழும்பியிருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தாழும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

இனி ஆட்களை ஏற்றுங்கள். 1236இல் தலா 75 கிலோவில் இரண்டு பேர், 6 குதிரைத்திறன் மோட்டார் 27 கிலோ, பெட்ரோல் டேங்க் 10, சாமான்கள் 20, நங்கூரமும் கயிறும் 5, படகு 55. மொத்தம் 267 கிலோ. மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் தாழும். 1448இல் அதே இரண்டு பேர், 20 குதிரைத்திறன் மோட்டார் 50 கிலோ, டேங்க் 20, சாமான்கள் 20, நங்கூரம் 5, வெல்டிங் செய்த படகு 140. மொத்தம் 385 கிலோ. தாழ்வது மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு!

கனமான படகுதான் மேலே மிதக்கிறது. மூன்றாவது ஆள் ஏறினால் வித்தியாசம் இன்னும் தெரியும்: சின்னது கிட்டத்தட்ட இன்னோர் அங்குலம் இறங்கும், பெரியது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. உங்கள் சாமான்களின் எடையை நீங்களே எழுதி இந்தக் கணக்கைப் போடுங்கள். பேட்டரியை விட்டுவிடாதீர்கள். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றே 30 கிலோ வரும்.

மோட்டார் மாட்டும் பின்சுவரான பின்பலகையிலோ உள்பக்கச் சுவரிலோ கொள்ளளவுத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று அதில் இருக்கும். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளுக்கு 1972 இறுதியிலிருந்து இது கட்டாயம். தகடு இல்லாத பழைய படகுக்கு அங்கே ஒரு கைக்கணக்கு உண்டு: நீளத்தையும் அதிகபட்ச அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் ஆட்களின் எண்ணிக்கை. பின்னத்தை விட்டுவிட வேண்டும். இந்த எண்கள் எல்லாம் அலை இல்லாத நாளுக்கானவை. தகட்டில் மூன்று பேர் என்றிருந்தால் இரண்டு பேரும் சாமானும் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

4. எந்தத் தண்ணீர்?

குளம், வாய்க்கால், மெதுவாக ஓடும் ஆறு, சதுப்பு நிலம். தட்டையடிப் படகு இதற்கென்றே பிறந்தது. பெரிய ஏரியில் காற்று எழுந்தால் கதை வேறு. தட்டையான அடி அலையை வெட்டாது, அலைமேல் அறையும். ஒவ்வோர் அறைக்கும் முதுகெலும்பு பதில் சொல்லும். முன்பக்கம் லேசாக V வடிவில் மடிந்து பின்பக்கம் தட்டையாகும் வகையும் கிடைக்கிறது. திறந்த நீர்ப்பரப்பில் அடிக்கடி போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். அதற்கு ஈடாகக் கொஞ்சம் ஆழம் கூடுதலாகத் தேவைப்படும், நிற்கும்போது முன்பக்கத்தில் ஆட்டமும் இருக்கும்.

பக்கச்சுவரின் உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். 14, 15 அங்குலச் சுவர் குளத்துக்குச் சரி. படகு ஓட்டம் அதிகமுள்ள ஏரியில் 20 அங்குலம் இருந்தால் நிம்மதி. மற்ற படகுகள் கிளப்பும் அலைதான் சின்னப் படகுக்குள் தண்ணீரைக் கொட்டுவது, காற்றுகூட இரண்டாம் பட்சம்.

5. தண்ணீருக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்?

இங்கே 12 அடிப் படகு வெளிப்படையாக ஜெயிக்கிறது. 55 கிலோவை இரண்டு பேர் காரின் கூரையில் ஏற்றிவிடலாம், பிக்கப்பின் பின்தட்டில் போட்டுக்கொண்டு போகலாம், சரிவுமேடை இல்லாத கரையிலும் இறக்கலாம். 1448க்கு டிரெய்லர் வேண்டும், டிரெய்லரை நிறுத்த இடம் வேண்டும், அதற்கான பதிவும் டயரும் பேரிங்கும் வேண்டும், இறக்கச் சரிவுமேடை வேண்டும். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வசதியான பெரிய படகு வாங்கி, இழுத்துப் போகச் சலித்து, தார்ப்பாய்க்கு அடியில் போட்டுவைத்திருப்பவர்கள் ஏராளம்.

டிரெய்லரோடு விற்கிறார்கள் என்றால் படகு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். நீளவாக்கில் கம்பளம் சுற்றிய பலகைகள் இருந்தால் நல்லது. சின்ன ரோலர்கள் மட்டும் தாங்கினால் மெல்லிய தகட்டில் பள்ளம் விழும். தாங்கு பலகைகள் பின்பலகைவரை நீண்டிருக்க வேண்டும். முன்னதாகவே முடிந்துவிட்டால் மோட்டாரின் எடை அடித்தகட்டை வளைத்துவிடும்.

6. தகடு, ரிவெட், வெல்டிங்

தகட்டின் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்லப்படும். லேசான படகில் 0.050, அதாவது 1.27 மில்லிமீட்டர். நடுத்தரத்தில் 0.063, 0.072. முரட்டு உபயோகத்துக்கு 0.080, 0.100, அதற்கும் மேலே. இங்கேயும் மும்மடிக் கணக்கு வருகிறது: 0.050இலிருந்து 0.080க்குப் போனால் எடை 1.6 மடங்கு, தகடு வளையாமல் நிற்கும் தன்மை நான்கு மடங்கு. பாறையும் மரக்கட்டையும் நிறைந்த ஆற்றில் போகிறவர் 0.080க்குக் கீழே இறங்க வேண்டாம். சேறும் மணலும் மட்டும் என்றால் 0.050 பல வருடம் உழைக்கும். உலோகக் கலவை 5052 என்று இருந்தால் கவலையில்லை, படகுத் தகட்டுக்குப் பெரும்பாலும் அதுதான்.

ரிவெட்டா (தகடுகளை இணைக்கும் ஆணி) வெல்டிங்கா என்று நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். சுருக்கமாக: மெல்லிய தகட்டை ஒழுங்காக வெல்டிங் செய்வது கடினம், ஆகவே லேசான படகுகள் ரிவெட்டில் வரும். வருடங்கள் போகப் போக ரிவெட் தளர்ந்து கசியும், ஆனால் அதை வீட்டிலேயே இறுக்கலாம் அல்லது மாற்றலாம். வெல்டிங் படகு கசியாது, முட்டல் மோதலைத் தாங்கும். விரிசல் விட்டால் மட்டும் அலுமினிய வெல்டிங் தெரிந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். வெல்டிங்கின் பக்கத்திலேயே, சூடு பட்டுப் பலம் குறைந்த இடத்தில்தான் விரிசல் பெரும்பாலும் வரும். வரிசையின் ஓரமாக விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

7. பழைய படகு என்றால் உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள்

தண்ணீரில் இறக்கிக் கசிகிறதா என்று பார்ப்பதைவிட, டிரெய்லரில் நிற்கும்போதே படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது சுலபம். முதலில் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வடிகால் அடைப்பானை இறுக்கிவிட்டு ஹோஸ் பைப்பைப் போடுங்கள். இரண்டு அங்குலம் போதும். 1448இல் அதுவே 250 கிலோவைத் தாண்டும், அதற்குமேல் ஏற்றினால் தகட்டுக்கும் டிரெய்லருக்கும் ஆகாது. கால் மணி நேரம் விட்டு, கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரிவெட் தலையைச் சுற்றி ஒரு துளி திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்து வட்டம் வந்தால் ஒரு நாள் வேலை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். வரிசை வரிசையாக வியர்த்தாலோ, ரிவெட் இல்லாத வெற்றுத் தகட்டில் ஈரம் தெரிந்தாலோ வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வெற்றுத் தகட்டில் ஈரம் என்றால் விரிசல் அல்லது அரிப்புத் துளை. அடியில் தடிமனாகப் புதுப் பெயிண்டோ ரப்பர் பூச்சோ இருந்தால் அது என்னத்தை மறைக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது பின்பலகை. மோட்டார் மாட்டும் பின்சுவருக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். அது உளுத்திருந்தாலும் வெளியே அலுமினியம் பளபளவென்றுதான் இருக்கும். மோட்டார் மாட்டியிருந்தால் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்சுவர் கூடவே ஆடினால் பலகை போய்விட்டது. மோட்டார் இல்லையென்றால் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள்: நல்ல பலகை ‘டக் டக்’ என்னும், உளுத்தது ‘தொப் தொப்’ என்னும். பலகையை மாற்றியிருக்கிறார்கள் என்றால் என்ன பலகை என்று விசாரியுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பலகை, ஈரத்தில் அலுமினியத்தை அரித்துத் தின்னும்.

படகைக் கவிழ்க்க முடிந்தால் அடியின் பின் மூன்றிலொரு பகுதியில் ஒரு நேர்ச்சட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தகடு உள்வாங்கியிருக்கிறது, வேகத்தில் முன்பக்கம் தண்ணீரை உழும். சட்டம் நடுவில் தட்டி இரண்டு முனையும் தூக்கினால் படகு ஓடும்போது முன்பக்கம் தவளைபோல எழும்பி எழும்பி விழும். மோட்டாரின் கோணத்தை மாற்றி ஓரளவு சமாளிக்கலாம், முழுதாக இல்லை.

இருக்கைகளுக்குள் நுரைக்கட்டி இருக்கும். படகு முழுகினாலும் அடியோடு போகாமல் தாங்குவது அதுதான். வருடக்கணக்கில் மழையில் கிடந்த படகில் அது தண்ணீரை உறிஞ்சியிருக்கும். தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட இருபது முப்பது கிலோ கூடுதலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உப்புநீரில் ஓடிய படகில் எஃகு போல்ட், செம்பு கலந்த பொருத்துகள் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடியும் குழியும் தேடுங்கள்.

8. மோட்டார் பற்றிச் சில வரிகள்

பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு மோட்டார், 20 அங்குலம் என்றால் நீளத் தண்டு. மாற்றி மாட்டினால் ஒன்று காற்றைக் கடையும், அல்லது தேவையில்லாமல் ஆழத்தில் இழுபடும். படகும் மோட்டாரும் தனித்தனியாக வாங்கும்போது இது நிறையப் பேருக்குத் தவறிப்போகிறது.

மின்மோட்டாரில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், படகும் ஆட்களும் சாமானும் சேர்ந்த எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு உந்துவிசை என்பது பழகிய கணக்கு. மேலே சொன்ன 267 கிலோவுக்கு 12 பவுண்டு போதும் என்று வரும். காற்றும் நீரோட்டமும் இருப்பதால் 30க்குக் குறைந்து வாங்காதீர்கள். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது, ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான். மெதுவாகப் போனால் பல மடங்கு நேரம் வரும்.

9. இரண்டையும் தண்ணீரில் பாருங்கள்

பணம் கொடுக்கும் முன் இறக்கிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம். உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, வழக்கமாக உங்களோடு வரப்போகிற ஆளையே கூட்டிப்போங்கள். கரையிலிருந்து ஏறும்போது முன் மூலையில் கால் வைத்தால் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் நகர்ந்து, விளிம்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை விரல்கடை மிச்சம் என்று பாருங்கள். பிறகு ஓட்டிக்கொண்டே போய் மோட்டாரைச் சட்டென்று தணியுங்கள். பின்னால் துரத்திவரும் உங்கள் சொந்த அலையே பின்பலகையைத் தாண்டி உள்ளே வந்தால், அந்தப் படகில் பின்பாரம் அதிகம் அல்லது சுவர் குட்டை. மோட்டாரை நிறுத்தித் துடுப்பாலும் கொஞ்சம் தூரம் தள்ளிப் பாருங்கள். மோட்டார் நின்றுபோகும் நாள் எல்லோருக்கும் வரும், அன்றைக்கு 140 கிலோ இரும்புப்பெட்டி மாதிரி அடம்பிடிக்கும்.

10. என்னிடம் கேட்டால்

டிரெய்லர் வைக்க இடம் இருந்து, பெரும்பாலும் இரண்டு பேர் போவீர்கள் என்றால் 1448. யோசிக்கவே வேண்டாம். தனியாள், டிரெய்லர் கிடையாது, சின்ன நீர்நிலை என்றால் 1236, அதுவும் ரிவெட் போட்ட லேசான படகு. இடையில் கிடக்கும் 1436ஐ நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. தூக்குவதற்குக் கனமாகிவிடுகிறது, நிற்பதற்கு அகலம் வந்தபாடில்லை. நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால், உட்கார்ந்தே போகும் இரண்டு பேருக்கு எடுத்துக்கொள்ளலாம். பெரியது கசிந்து, பின்பலகை உளுத்து, சின்னது சுத்தமாக இருந்தால் அகலக்கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னதையே வாங்குங்கள்.

வாங்கிய பிறகு நடு இருக்கையை அறுத்து எடுத்துவிட்டு மேல்தளம் போடும் ஆசை வரும். காணொளிகளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த இருக்கை இரண்டு பக்கச்சுவரையும் விரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, மிதவை நுரையும் அதற்குள்தான் இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் சுவருக்குச் சுவர் அலுமினியக் குறுக்குச்சட்டம் கொடுத்து, எடுத்த அளவு நுரையைத் தளத்துக்கு அடியில் திரும்ப வையுங்கள். 36 அங்குல அடியில் உயரமான தளமும் அதன்மேல் சுழலும் நாற்காலியும் போடுவது மட்டும் வேண்டாம். ஒரு பருவம் முழுக்க அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டு, எதை எங்கே திருக வேண்டும் என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.